ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து போட்ட மிக்ஸ்: 12-க்கு 10 அறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பதிவு செய்த குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகக் கலக்கும் மிக்ஸ் வேலையை இரவு முடிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மறுநாள் காரில் போட்டால் பேஸ் (அடி ஒலி) கதவை உதறுகிறது. ஃபோனில் போட்டால் அதே பேஸ் இருக்கிற சுவடே தெரிவதில்லை. இயர்ஃபோனில் ‘ச’வும் ‘ஸ’வும் ஊசியாகக் குத்துகின்றன. வீட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிற எல்லாருக்கும் பழகிய கதை இது. பெரும்பாலானோர் அடுத்து செய்வது புது ப்ளக்-இன் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்) தேடுவது. கோளாறு அங்கே இல்லை. காது எங்கே இருந்தது என்பதிலிருந்துதான் விசாரிக்க வேண்டும்.

ஆய்வுக்கு ஒரு மாதிரி அறையையும் ஒரு மாதிரிப் பாட்டையும் எடுத்துக்கொள்வோம். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, ஒரு பரண். கருவிகள்: மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், யமஹா எச்.எஸ்.5 மாதிரியான 5 அங்குல மானிட்டர் (மிக்ஸ் கேட்கும் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி, காதை மூடும் ஹெட்ஃபோன், கணினியில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். பாட்டு 2½ கட்டை சுருதி, டெம்போ நிமிடத்துக்கு 96 பீட். ஆண் குரல், அகூஸ்டிக் கிதார், தபலா, புரோகிராம் செய்த கிக்கும் ஸ்னேரும், கீபோர்டில் வாசித்த பேஸ், பின்னணியில் நீண்டு ஒலிக்கும் அகலமான ஸ்டீரியோ பேட், புல்லாங்குழல். மேசையும் நாற்காலியும் அறையின் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. நம் ஊர் வெக்கைக்கு வேறெங்கே உட்காருவது? கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டவை. டேப்பும் கால்குலேட்டரும் இருந்தால் யாரும் தன் அறைக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நாற்காலி இருந்த இடம்

28 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எந்த அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்துகிறதோ, அந்த அதிர்வெண் அறைக்குள் தங்கி நின்று முழங்கும். கணக்கு எளிது: 348-ஐ அறையின் நீளத்தைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். 12 அடி என்பது 3.66 மீட்டர், 348-ஐ 7.32-ஆல் வகுத்தால் 47.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு). 10 அடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, 57 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடியே என்பதால் இன்னொரு 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பது ஒலிக்குக் கெட்ட செய்தி: இரண்டு முழக்கங்களும் ஒரே இடத்தில் குவிகின்றன. இவற்றின் இரட்டிப்புகளான 95, 114 ஹெர்ட்ஸும் கூடவே வரும்.

முதல் முழக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. சுவரோரம் அது உச்சத்தில் இருக்கும். இரண்டு சுவருக்கும் சரி நடுவில் ஒன்றுமே இருக்காது. இரட்டிப்புக்கு நேர்மாறு: நடுவில்தான் உச்சம். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு 47.5 கேட்காது, அகலத்தின் 57-ம் கேட்காது. 95-ம் 114-ம் வீங்கிக் கேட்கும். உயரத்தின் 57 மட்டும் கொஞ்சம் எட்டும். உட்கார்ந்திருக்கும்போது காது 4 அடி உயரத்தில் இருப்பதால், அதுவும் தரையோரத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 10 டெசிபல் குறைந்தே வரும்.

இதைப் பாட்டோடு பொருத்திப் பாருங்கள். 2½ கட்டை என்றால் ஸட்ஜம் டி ஷார்ப். பேஸ் கீழிறங்கிப் பஞ்சமத்தைத் தொட்டால் அது ஏ ஷார்ப், 58.3 ஹெர்ட்ஸ். இன்னும் இறங்கிச் சாதாரண காந்தாரத்துக்குப் போனால் எஃப் ஷார்ப், 46.2 ஹெர்ட்ஸ். இரண்டு ஸ்வரமும் அறை விழுங்கும் இடத்திலேயே வந்து விழுகின்றன. அதே ஸ்வரங்கள் ஒரு ஸ்தாயி மேலே 92.5-லும் 116.5-லும் இருக்கின்றன, அவை அறை ஊதிப் பெருக்கும் இடங்கள். பேஸ் வாசிப்பு சமமாக இருந்தாலும், கீழ் ஸ்வரங்கள் செத்தும் மேல் ஸ்வரங்கள் முட்டியும் கேட்கும். மிக்ஸ் செய்பவர் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார்: 55 ஹெர்ட்ஸ் பக்கம் 5, 6 டெசிபல் கூட்டுகிறார், 100 பக்கம் 3, 4 குறைக்கிறார். காதுக்குச் சமமாகிவிடுகிறது. காரில் அந்தப் பள்ளமும் மேடும் கிடையாது. கூட்டியது கூட்டியபடியே வந்து கதவை உதறுகிறது. இதே அறையில் அடுத்த பாட்டை 4 கட்டையில் செய்தால் ஸட்ஜம் 87.3-ல் விழும், பிழையும் வேறு மாதிரி வரும். ‘சில பாட்டு நன்றாக வருகிறது, சில பாட்டு வருவதில்லை’ என்ற புலம்பலுக்குப் பல நேரம் சுருதிதான் காரணம்.

மானிட்டரும் இதில் பங்காளி. எச்.எஸ்.5 அளவுள்ள 5 அங்குலப் பெட்டி 74 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரிந்து, 54-ல் 10 டெசிபல் சரிந்துவிடுகிறது. சரி, 8 அங்குலம் வாங்கிவிடலாமா? இந்த அளவு அறையில் வேண்டாம். பெரிய பெட்டி கீழ் ஒலியை அதிகம் தரும். அந்த ஒலி முழுவதும் அறையின் முழக்கங்களைத்தான் தூண்டும். சப்-வூஃபருக்கும் இதே பதில்தான்.

மேசையை நகர்த்துவது: செலவில்லாத முதல் திருத்தம்

ஸ்பீக்கர்கள் 12 அடி நீளவாக்கில் ஒலிக்க வேண்டும். முன்னே 10 அடிச் சுவர். காது முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதத்தில், அதாவது 4 அடி 7 அங்குலத்தில் வரட்டும். இந்த 38 வேதவாக்கு அல்ல, தேடத் தொடங்கும் இடம். அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே 47.5 ஹெர்ட்ஸ் முழுசாக இல்லாவிட்டாலும் உச்சத்தைவிட 9 டெசிபல் குறைவாகவாவது கேட்கும். 95-ன் வீக்கம் 3 டெசிபல் அளவுக்குத் தணியும். அகலவாக்கில் நடுவைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் இடமும் வலமும் வேறு வேறாகக் கேட்டு ஸ்டீரியோ சாய்ந்துவிடும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்சுவரிலிருந்து சுமார் 14 அங்குலம். பெட்டியின் ஆழம் போக, பின்னால் நாலைந்து அங்குல இடைவெளி. பலர் ‘சுவரிலிருந்து தள்ளி வை’ என்ற அறிவுரையைக் கேட்டு இரண்டரை அடி தள்ளிவிடுகிறார்கள். இந்த அறையில் அது தவறு. சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதி ஒரு அதிர்வெண்ணை அழிக்கும். அது 348-ஐ, தூரத்தைப் போல நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. இரண்டரை அடியில் 114 ஹெர்ட்ஸ் அழியும். அதை உறிஞ்சும் அளவுக்குத் தடிமனான பேனல் வைக்க இந்த அறையில் இடமில்லை. 14 அங்குலத்தில் அழிவது 240 ஹெர்ட்ஸ் வட்டாரம். 4 அங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் பாறை இழைப் பலகை) அதைச் சமாளிக்கும். சுவருக்கு அருகில் வைத்ததால் கூடும் பேஸைக் குறைக்க, எச்.எஸ்.5-ன் பின்புறத்தில் ரூம் கன்ட்ரோல் சுவிட்ச் உண்டு: 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் இறக்கும். முதலில் 2-ல் வைத்துக் கேளுங்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 3 அடி 11 அங்குலம். காதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அதே தூரம். மேல் ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்தில். மேசைமேல் நேராக வைத்தால் மேசைப் பலகையிலிருந்து எதிரொலி வந்து நடு ஒலியை அரிக்கும். தனி ஸ்டாண்ட் இல்லாவிட்டால், கனமான செங்கல்லுக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டு உயர்த்தி, லேசாகச் சாய்த்து வைத்தாலும் போதும்.

பத்து பேனல்

வெறும் அறையின் எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கும் என்று சபைன் சூத்திரம் சொல்லும்: கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். நம் அறை 34 கன மீட்டர், உட்பரப்பு 63 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் நடு அதிர்வெண்களில் 3 சதவீதம் அளவுக்கே உறிஞ்சும். உறிஞ்சல் 1.9 என்று வருகிறது, எதிரொலி 2.9 நொடி. கட்டில், மெத்தை, திரைச்சீலை, ஒரு ஆள் சேர்ந்து 3 சதுர மீட்டர் உறிஞ்சினால் 1.1 நொடி. மிக்ஸ் செய்ய வேண்டியது அரை நொடிக்கும் குறைவு. 4-க்கு 2 அடியில் பத்து பேனல் என்றால் 7.4 சதுர மீட்டர். எல்லாம் சேர்ந்து 0.45 நொடிக்கு இறங்கிவிடும். இந்தச் சூத்திரம் நடு, மேல் ஒலிகளுக்குத்தான் பொருந்தும். சின்ன அறையின் பேஸுக்கு இதை நம்பக் கூடாது.

ஒரு பேனலுக்கு வேண்டியவை: கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல், 4-க்கு 2 அடி, 2 அங்குலத் தடிமனில் இரண்டு பலகை, 4 அங்குல அகலமுள்ள மரச் சட்டம், முன்னே பருத்தித் துணி, பின்னே இழை கொட்டாமல் இருக்க மெல்லிய நான்-வோவன் துணி, ஸ்டேப்ளர் பின். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் தாண்ட வேண்டும். ரெக்சின், பிளாஸ்டிக் பூசிய சோபாத் துணி எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். ராக்வூல் வெட்டும்போது முழுக்கை சட்டை, கையுறை, மாஸ்க் மூன்றும் வேண்டும். அரிப்பு இரண்டு நாள் விடாது. பத்து பேனலுக்கு இருபது பலகை. ஒன்றில் ராக்வூல் மட்டும் மூன்றரைக் கிலோ, சட்டத்தோடு ஆறு கிலோவை நெருங்கும்.

இடம்: முன் மூலைகள் இரண்டிலும் குறுக்காக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டிரண்டு, ஆக நான்கு. பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று, முன்சுவரிலிருந்து இரண்டரை அடியில் நடுப்புள்ளி வரும்படி, தரையிலிருந்து 2 அடியில் தொடங்கி 6 அடி வரை. பக்கச் சுவரின் எதிரொலி இந்த அறையில் 4 மில்லிசெகண்ட் தாமதமாக, நேர் ஒலியைவிட 7 டெசிபல் மட்டுமே குறைந்து வருகிறது. குரல் நடுவில் நிலையாக நிற்காமல் மங்குவதற்கு இதுவே முதல் காரணம். கணக்கில் நம்பிக்கையில்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒருவரைச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் பேனலுக்கு இடம். கூரையில் ஒன்று. இங்கே ஃபேன் குறுக்கே வரும். 1200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி நீளும், அதாவது முன்சுவரிலிருந்து 4 அடியில் இறக்கை முனை சுழலும். பேனலை அகலவாக்கில் 1½ அடிக்கும் 3½ அடிக்கும் இடையே தொங்கவிட்டால் எதிரொலி விழும் 2.9 அடி அதற்குள் வந்துவிடும், இறக்கையும் தொடாது. கான்கிரீட்டில் ஆங்கர் கொக்கி நான்கு. தலைக்கு மேலே தொங்குகிற ஆறு கிலோவை ஆணியை நம்பி விடாதீர்கள். மிச்சம் மூன்றும் பின்சுவரில், சுவரைவிட்டு 4 அங்குலம் தள்ளி. அந்த இடைவெளி காசில்லாமல் கிடைக்கும் கூடுதல் தடிமன்.

முட்டை அட்டையும் ஒரு அங்குல ஃபோமும்? அவை மேல் ஒலியை மட்டும் குடித்துவிட்டு, கீழ் ஒலியை அப்படியே விட்டுவிடும். கைதட்டினால் அறை அடங்கியது போலத் தோன்றும்; பேஸ் முன்பைவிட அதிகமாக முழங்குவது போல இருக்கும். அதற்குக் கொடுக்கும் காசில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டு வாங்கிச் சுருட்டி மூலையில் நிறுத்துவது மேல். பரண் இருந்தால் அதில் தலையணை, மெத்தை, போர்வை என்று அடைத்துவிடுங்கள். கூரையும் சுவரும் சேரும் மூலை அது. பேஸ் குவியும் இடம்.

பீரோவை மறக்க வேண்டாம். 40 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை சைன் ஒலியை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், ஏதோ ஒரு இடத்தில் பீரோக் கதவோ ஜன்னல் கண்ணாடியோ கிடுகிடுக்கும். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினால் நின்றுவிடும். இதைச் செய்யாதவர்கள் கிக்கில் ‘டிஸ்டார்ஷன்’ என்று நினைத்து ட்ராக்கைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் வைத்த பிறகு அளந்துவிடுவது நல்லது. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும், பெஹ்ரிங்கர் ஈ.சி.எம்.8000 போன்ற அளவை மைக்கும் போதும். மைக்கை இரவல் வாங்கினாலும் சரி. தலை இருக்கும் இடத்தில் மைக்கை நிறுத்தி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிக்கொண்டே போகும் ஸ்வீப் ஒலியை ஓட்டி, 300-க்குக் கீழே உள்ள மேடு பள்ளங்களைப் பாருங்கள். மேட்டை ஈக்யூவால் (குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இறக்கலாம். பள்ளத்தை ஏற்ற முடியாது: அங்கே எவ்வளவு ஊற்றினாலும் அலை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், ஆம்ப்ளிஃபயர் மட்டும் திணறும். ஆகவே நம் அறையில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அகலவாட்டு 57 நடுவில் எப்போதுமே செத்திருக்கும், உயரவாட்டு 57 பலவீனம், மானிட்டரும் அங்கே சரிகிறது. 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் இந்த அறையில் ஸ்பீக்கரை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அதற்கு ஹெட்ஃபோன். அறை எதுவும் அதற்குள் நுழையாது.

பதிவில் ஒளிந்த கோளாறுகள்

ஃபோனில் குரலும் பின்வாங்கிப் போனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் மிக்ஸில் இல்லை. கண்டென்சர் மைக்கை ஒரு அடி தள்ளி வைத்து, வெறும் சுவருக்கு முன்னால் பாடவைத்தால், குரலோடு அறையும் பதிவாகிறது. கம்ப்ரசர் போட்டதும் குரலின் உச்சம் அடங்கி, அடியில் கிடந்த அறை மேலே வருகிறது. மைக்கை 30 சென்டிமீட்டரிலிருந்து 15-க்குக் கொண்டுவந்தால் நேர் ஒலி 6 டெசிபல் கூடும், அறை அப்படியே இருக்கும். மூச்சுக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரை இடையில் 6, 7 சென்டிமீட்டரில் வைக்கலாம். நெருங்கிப் பாடினால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடிக்கும்; அதைப் பின்னால் குறைப்பது எளிது, அறையைப் பிரித்தெடுப்பது நடக்காத காரியம்.

கார்டியாய்ட் மைக் தனக்குப் பின்னால் உள்ளதை அதிகம் கேட்காது. அது கேட்பது பாடுபவரையும் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். அதனால் ஃபோம் கவசத்தை மைக்குக்குப் பின்னால் மாட்டுவதைவிட, பின்சுவருக்காகச் செய்த பேனல் இரண்டைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ‘வி’ வடிவில் நிறுத்துவது பலன் தரும். ஜன்னல் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எவ்வளவு செய்தும் அறை அடங்கவில்லையா? ஷ்யூர் எஸ்.எம்.58 மாதிரி டைனமிக் மைக்கை வாயருகே வைத்துப் பாடவையுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறையும், ஆனால் மிக்ஸில் உட்காரும்.

ஃபேன், ஏ.சி. இரண்டும் பதிவின்போது நிற்க வேண்டும். இருபது நிமிடம் பாடி, பத்து நிமிடம் ஃபேன் போட்டு ஓய்வு என்று வைத்துக்கொண்டால் பாடுபவர் தாங்குவார். மார்கழியில் விடியற்காலைப் பதிவு வைத்துக்கொள்ளாதீர்கள். கோயில் ஒலிபெருக்கியை எந்த ப்ளக்-இன்னும் நீக்காது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், சராசரி மைனஸ் 18, உச்சம் மைனஸ் 10 டெசிபல் வட்டாரத்தில் பதிவு செய்தால் தாராளம். சிவப்பு விளக்கை எட்டிப்பிடிக்க வேண்டிய தேவை டேப் காலத்தோடு போயிற்று.

ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) வந்தால் அதன் அதிர்வெண்ணைப் பாருங்கள். 50, 100, 150 என்று வரிசையாக இருந்தால் மின்சாரத்திலிருந்து வருகிறது. கணினி, இன்டர்ஃபேஸ், மானிட்டர் மூன்றையும் ஒரே ப்ளக் பாயின்ட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஒரே பெட்டியில் செருகி, மானிட்டருக்கு, இரைச்சல் நுழையாமல் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் வழி சார்ஜர்தான். அந்தப் பதிவை பேட்டரியில் எடுங்கள். மின்வெட்டு நேரத்து இன்வெர்ட்டர் சதுர அலை தரும் மலிவு வகையாக இருந்தால் இரைச்சல் கூடும். எர்த் பின்னை உடைத்தால் ஹம் போகும் என்று சொல்பவரை அறைக்குள்ளேயே விடாதீர்கள். மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது அது.

மறுமிக்ஸ்

பழைய மிக்ஸின் ஈக்யூ அனைத்தையும் அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். அவை தவறான நாற்காலியில் எடுத்த முடிவுகள். முதலில் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி). ஒலியளவு பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு, 73 முதல் 76 டெசிபல் வரை. சத்தம் கூடக் கூடக் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் அதிகமாகத் தெரியும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். உரக்க வைத்து மிக்ஸ் செய்தால், மெதுவாகக் கேட்பவருக்கு அது உடல் மெலிந்துதான் கிடைக்கும்.

ஃபேடர்கள் மட்டும் வைத்துக் குரல், தபலா, பேஸ் மூன்றையும் நிறுத்துங்கள். இந்த மூன்றும் நின்றால் மற்றவை தம் இடத்தைத் தாமே சொல்லும். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர்: ஆண் குரலுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ், கிதாருக்கு 100, பேடுக்கு 150 முதல் 200, புல்லாங்குழலுக்கு 200. தபலாவுக்கு இந்த வாய்பாட்டை நீட்டக் கூடாது. இடது கையால் வாசிக்கும் டக்காவின் கும்கி (வளைந்து வரும் அடிநாதம்) 100-க்குக் கீழேதான் உயிரோடு இருக்கிறது. அதை வெட்டினால் தகரம் தட்டுவது போலாகும். கிக்கோடு மோதினால் கிக்கை ஒதுக்குங்கள். கிக்கும் தபலாவும் ஒரே பாட்டில் வந்தால் ஒன்று பணிந்துதான் போக வேண்டும். மெலடிப் பாட்டில் அது கிக்காக இருப்பது நல்லது என்பது எங்கள் தீர்ப்பு.

பேஸ் இரண்டு தனிக் கேள்வி. காரில் உதறியதற்கு, 55 ஹெர்ட்ஸில் கூட்டியதை எடுத்ததுமே பாதித் தீர்வு வந்துவிட்டது. மீதிக்கு ஹெட்ஃபோனில் ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்டு, ஏதாவது ஒன்று மட்டும் முட்டினால் டி.டி.ஆர். நோவா போன்ற இலவச டைனமிக் ஈக்யூவால் அந்த ஸ்வரத்தின் அதிர்வெண்ணில் மட்டும் 3 டெசிபல் வரை பிடிக்க வேண்டும். கிக் விழும் நேரத்தில் பேஸ் 2 டெசிபல் பணியும்படி சைட்செயின் போடலாம். ஃபோனில் பேஸ் காணாமல் போனதற்கு மருந்து வேறு. ஃபோன் ஸ்பீக்கர் அடி ஒலியைத் தராது. 58 ஹெர்ட்ஸை 10 டெசிபல் கூட்டினாலும் அங்கே கேட்கப் போவதில்லை. பேஸ் ட்ராக்கில் லேசான சாச்சுரேஷன் போட்டால் 116, 175, 233, 291 என்று மேல் இசையங்கள் (58-ன் மடங்குகள்) பிறக்கும். அவற்றைக் கேட்டதும் மூளை இல்லாத 58-ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் கரகரப்பாகத் தெரியும். பாட்டோடு சேர்ந்தால் தெரியாது. தெரிகிற அளவுக்குப் போட்டால் அதிகம்.

குரலுக்குக் கம்ப்ரசர் போடும் முன் கையால் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியையும் பிரித்து, உரத்தை இறக்கி, வரிக் கடைசியில் தேய்ந்துபோகும் ‘உம்’, ‘ஏன்’, ‘ஆய்’ போன்ற அசைகளை 2, 3 டெசிபல் ஏற்றி வையுங்கள். தமிழ்ப் பாட்டில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அது விழுங்கப்பட்டால் வரியின் பொருளே போய்விடும். பிறகு 3-க்கு 1 விகிதம், அட்டாக் 10 முதல் 15 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100 வட்டாரம், அதிகபட்சம் 5 டெசிபல் குறைப்பு. பெட்டிக்குள் பாடுவது போலிருந்தால் 300-க்கும் 500-க்கும் இடையே தேடி 2, 3 டெசிபல் எடுக்கலாம். சொல் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அங்கே குரலைக் கூட்டுவதைவிட, அதே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கிதாரையும் பேடையும் 2 டெசிபல் குறைப்பது நல்லது. ‘ச’ குத்தியதற்கு டீ-எஸ்ஸர், 5,000 முதல் 9,000 வரை, குத்தும்போது மட்டும் 4 டெசிபல். ஈக்யூவால் மொத்தமாக வெட்டினால் குரல் போர்வைக்குள் போய்விடும். அது குத்துவதற்குச் சில நேரம் அறையும் ஒரு காரணம்: மெல்லிய ஃபோம் மேல் ஒலியைக் குடித்த அறையில் குரல் மங்கலாகத் தெரியும், மிக்ஸ் செய்பவர் 8,000-ல் கூட்டிவிடுவார்.

ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) தனி சென்டில், அதாவது குரலிலிருந்து பிரியும் தனி வழியில். ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) கணக்கு: 60,000-ஐ டெம்போ 96-ஆல் வகுத்தால் ஒரு பீட்டுக்கு 625 மில்லிசெகண்ட், அதைப் பதினாறால் வகுத்தால் 39. அந்த 39 மில்லிசெகண்ட் இடைவெளியில் சொல் முதலில் வந்துவிடும், வால் பிறகு வரும். ரிவெர்பின் வழியில் 250-க்குக் கீழும் 7,000-க்கு மேலும் வெட்டிவிடுங்கள். பதிவிலேயே அறை கேட்கும் குரலுக்கு நீள ரிவெர்பைப் போட்டால் இரண்டு அறையும் சண்டை போடும். அங்கே டிலே பரவாயில்லை.

பேட் மோனோவில் பாதி மறைந்துவிட்டதா? கீபோர்டின் ஸ்டீரியோ கோரஸ் இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் எதிர்க் கட்டத்தில் தருகிறது; ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கோரஸை அணையுங்கள், அல்லது ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அகலத்தை ரிவெர்பால் உண்டாக்குங்கள். ஒற்றை ஸ்பீக்கர் ஃபோனும் டீக்கடைப் பெட்டியும் மோனோதான்.

ஒப்பிட்டுக் கேட்க, ஏறக்குறைய இதே வாத்தியங்கள் உள்ள வெளியான பாட்டு ஒன்றை ரீப்பரில் தனி ட்ராக்காக இறக்கி, மாஸ்டர் ப்ளக்-இன்கள் அதைத் தொடாதபடி வழிமாற்றி, யூலீன் லவுட்னஸ் மீட்டரில் இரண்டின் அளவும் ஒன்றாகும்வரை அதைக் குறைக்க வேண்டும். 6, 8 டெசிபல் குறைக்க வேண்டியிருக்கலாம். குறைக்காமல் ஒப்பிட்டால் உரத்தது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும், நீங்கள் லிமிட்டரை (உச்சத்தைத் தடுத்து நிறுத்தும் கருவி) நெரிக்கத் தொடங்குவீர்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு. ட்ரெபிளைக் கூட்டத் தோன்றினால் காது களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாஸ்டரில் லிமிட்டரின் மேல்வரம்பு மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக் (உண்மை உச்சம்), குறைப்பு 3 டெசிபலுக்குள். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் உரத்தின் அலகு) அளவுக்குச் சமன்செய்து ஒலிக்கிறது. மைனஸ் 8-க்கு நெரித்துக் கொடுத்தாலும் அங்கே 6 டெசிபல் இறக்கித்தான் போடும், நெரித்த காயம் மட்டும் மிஞ்சும். மெலடிக்கு மைனஸ் 12 முதல் 14 வரை எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கே விடலாம்.

வெளியே கொண்டுபோய்க் கேட்கும்போது ஒரே இடத்தில் கேட்டதும் திரும்பி ஓடி வந்து மாற்றாதீர்கள். கார், ஃபோன், இயர்ஃபோன், டி.வி. நான்கிலும் கேட்டுத் தாளில் எழுதுங்கள். மூன்றில் வரும் குறையை மட்டும் திருத்த வேண்டும். காரில் மட்டும் பேஸ் கூடினால் முதலில் கார் ஸ்டீரியோவின் பேஸ் எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள். பலருடைய காரில் அது மேல் எல்லையிலேயே திருகிக் கிடக்கும்.